விமானி என்பது பொதுப்பெயர்

சென்ற ஆண்டு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தளியில் என் அண்ணன் வீட்டுத் திண்ணையில் நான்கு பக்கக் கடிதம் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. அண்ணன் மகளுக்கு ஒரு விமான நிறுவனம் அனுப்பிய வேலைக்கடிதம். துணை விமானிப் பணி. வாழ்த்துச் சொல்லப் போன எனக்கு அங்கே யாரும் சிரிக்காதது விளங்கவில்லை. கடிதத்தைப் படித்தபின் விளங்கியது.

ஏர்பஸ் ஓட்டும் பயிற்சிக்கு அவளே பணம் கட்ட வேண்டும். ஐந்தாண்டு விலகக் கூடாது, விலகினால் பெருந்தொகை செலுத்த வேண்டும். பணியிடம் டெல்லி. பதில் சொல்லப் பத்து நாள். அவளுடைய விமானப் படிப்புக்காக ரோஜாக் குடில் இருக்கும் நிலம் ஏற்கெனவே வங்கியில் இருந்தது. இருநூறு மணி நேரம் பறந்து உரிமம் வாங்கி மூன்றாண்டுகள் காத்திருந்த பிறகு வந்த முதல் கடிதம் இது. இன்னொரு பக்கம், பெங்களூருக்கு அருகில் ஒரு பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராகச் சேரும் வாய்ப்பு இருந்தது. சம்பளம் குறைவு, ஆனால் வீட்டிலிருந்து போய்வரலாம். அண்ணி அதைத்தான் விரும்பினார். வரன் பார்க்கவும் அதுதான் தோது என்றார்.

"அத்தை, நீங்க சொல்லுங்க, கையெழுத்துப் போடலாமா?" என்றாள் அவள்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்தாறு வயதில் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. தெற்கே தொலைதூரத்து ஊர் ஒன்றில் நிரந்தர விரிவுரையாளர் பணி. அப்பாவும் இதே அண்ணனும் வேண்டாம் என்றார்கள். நானும் அழுதுவிட்டு ஒப்புக்கொண்டேன். அடுத்த ஒன்பது ஆண்டுகள் மணிக்கணக்குச் சம்பளத்தில் கௌரவ விரிவுரையாளர். அந்த இழப்பை வைத்துக்கொண்டு இவளுக்கு "போ" என்று சொல்வது நியாயமா, அது என் பழிவாங்கலாகிவிடாதா என்று தயங்கினேன். எனக்குத் தெரிந்த வழி, எனக்கு முன்னால் இருந்த பெண்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிப்பது.

எங்கள் பகுதிக்கு விமானம் புதிதல்ல. ஓசூரிலிருந்து தளி வரும் சாலையில் பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் இருக்கிறது. 1990களில் அங்கே சிறிய விமானங்கள் செய்யத் தொடங்கினார்கள். எங்கள் ரோஜாவும் பெங்களூர் வழியாக விமானத்தில்தான் வெளிநாடு போகிறது. ஆனால் எங்கள் வீட்டுப் பெண் விமானம் ஓட்டப் போவது மட்டும் ஊருக்கு அதிசயம்.

இந்தியாவில் பெண்கள் விமானம் ஓட்டிய வரலாறு 1932இல் உரிமம் பெற்ற ஊர்மிளா பாரிக்கிடம் தொடங்குகிறது. 1936இல் லாகூரில் சேலையோடு ஜிப்ஸி மாத் விமானத்தில் ஏறித் தனியாகப் பறந்தவர் சரளா தக்ரால். தொழில்முறை உரிமத்துக்குப் பயிற்சி பெற எண்ணினார். 1939இல் விமானியான கணவர் விபத்தில் இறந்தார். போர் வந்து பயிற்சிகள் நின்றன. சரளா ஓவியம் கற்கப் போனார். பறக்கத் தெரிந்தும் வேலைக்கடிதம் என்ற கட்டத்தையே அவர் எட்ட முடியவில்லை.

பெங்களூரின் ஜக்கூர், தளியிலிருந்து இரண்டரை மணி நேரத் தொலைவு. அங்கிருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949இல் தேர்ச்சி பெற்றவர் உஷா சுந்தரம். தமிழ்ப்பெண். விமானியான கணவர் வி. சுந்தரத்தோடு மைசூர் மகாராஜாவின் டகோட்டாவை ஓட்டினார். 1950களின் தொடக்கத்தில் மதராஸ் அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு இருவரும் 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். அவ்வளவு திறமையும் "கணவரோடு" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் நமக்குச் சொல்லப்படுகிறது. துணையாகப் பறப்பதை ஊர் ஏற்கும், சம்பளத்துக்குப் பறப்பதைத்தான் கேள்வி கேட்கும்.

சம்பளத்துக்குப் பறக்கக் கேட்டவர் பிரேம் மாத்தூர். 1947இல் தொழில்முறை உரிமம் பெற்ற அவரை எட்டு நிறுவனங்கள் மறுத்தன. பெண் ஓட்டுகிறாள் என்று தெரிந்தால் பயணிகள் பயப்படுவார்கள் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஒன்பதாவதாக ஐதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் துணை விமானியாக எடுத்துக்கொண்டது. அவர் ஏற்றார். ஆனால் தலைமை விமானி இருக்கை அங்கே தனக்கு இல்லை என்றானபோது விலகி, ஜி.டி. பிர்லாவின் சொந்த விமானத்தை ஓட்டப் போனார்.

அமெரிக்காவின் ஹெலன் ரிச்சியின் கதை இன்னும் கசப்பானது. 1934இல் சென்ட்ரல் ஏர்லைன்ஸ் அவரைத் துணை விமானியாக நியமித்தது. செய்தித்தாள்களில் படங்கள் வந்தன. ஆண் விமானிகளின் சங்கம் அவரைச் சேர்க்க மறுத்தது. மோசமான வானிலையில் அவர் பறக்கக் கூடாது என்ற நெருக்கடியும் வந்தது. விமானத்தில் இருந்த நேரத்தைவிட விளம்பர மேடையில் இருந்த நேரமே அதிகம். ஓராண்டு நிறையும் முன்பே விலகினார். அவருக்குக் கிடைத்தது சீருடைதான், இருக்கை அல்ல.

துர்பா பானர்ஜிக்கோ, கேட்டது ஒன்று, நீட்டப்பட்டது வேறு. விமானியாக வேண்டும் என்று அவர் அணுகியபோது, அன்றைய அமைச்சர் ஹுமாயூன் கபீர் விமானப் பணிப்பெண் வேலை தரலாம் என்றாராம். துர்பா ஏற்கவில்லை. ஏர் சர்வேயில் டகோட்டா ஓட்டி மணிக்கணக்கைச் சேர்த்து, 1966இல் இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியானார். 1988இல் ஓய்வு பெறும்வரை பதினெட்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தார்.

அவர் மறுத்த அந்த வேலையின் விதிகளையும் பார்க்க வேண்டும். அன்று ஏர் இந்தியாவின் பணிப்பெண் 35 வயதில் ஓய்வுபெற வேண்டியிருந்தது. சேர்ந்து நான்காண்டுக்குள் திருமணம் செய்தாலோ முதன்முறை கருவுற்றாலோ வேலை போனது. நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் கருவுற்றால் நீக்கும் விதியை ரத்துசெய்தது. திருமண விதியை அப்படியே விட்டது. ஒரே விமானத்தில் முன்னால் உட்கார்ந்த ஆணுக்கு இப்படி எந்த நிபந்தனையும் இல்லை.

தமிழாசிரியராக எனக்கு ஒன்று உறுத்துகிறது. "பணிப்பெண்" என்ற சொல்லுக்குள்ளேயே பெண் இருக்கிறாள். "விமானி" ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொல். இலக்கணம் பொதுவாகக் கொடுத்ததை நம் செய்தித்தாள்கள் ஏனோ ஆணுக்கு எழுதிவைத்துவிட்டு, பெண் வரும்போது மட்டும் "பெண் விமானி" என்று அடைமொழி போடுகின்றன.

1985இல் சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதா பாசினும் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு, முழுக்கப் பெண்களே இயக்கிய விமானத்தை ஓட்டிச் சென்றார்கள். இன்று உலக விமானிகளில் பெண்கள் சுமார் 5 விழுக்காடு, இந்தியாவில் 12 விழுக்காட்டுக்கும் மேல். பெருமைதான். ஆனால் மறுப்பின் வடிவம் மாறியிருக்கிறது. முன்பு பெண் என்பதால் மறுத்தார்கள். இப்போது அரைக்கோடி ரூபாய் செலவழிக்க முடியாத வீட்டுப் பெண் வாசலுக்கே வருவதில்லை. வருபவளையும் கடன் ஐந்தாண்டு கட்டிப்போடுகிறது.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஏற்றுத் தோற்றவரும் மறுத்து வென்றவரும் வரலாற்றில் இருக்கிறார்கள். அதனால் "ஏற்பதா, மறுப்பதா" என்பதைவிட, தருவது இருக்கையா வெறும் சீருடையா என்று பார்ப்பதே முக்கியம் என்றேன். என் பழைய கடிதத்தையும் எடுத்துக் காட்டினேன். அண்ணன் அதை வாங்கிப் படித்தார். ஒன்றும் பேசாமல் மடித்துத் தந்தார்.

அவள் நிறுவனத்துக்கு இரண்டு கேள்விகள் எழுதினாள். உடல்நலத்தாலோ மகப்பேற்றாலோ பறக்க முடியாத காலம் ஐந்தாண்டுக் கணக்கில் சேருமா? பயிற்சி முடிந்தபின் எத்தனை மாதத்தில் பறக்கும் பணி தொடங்கும்? இரண்டாவதற்குத் தெளிவான பதில் வந்தது. முதலாவதற்கு, விதிப்படி முடிவுசெய்யப்படும் என்று மட்டும் வந்தது. மகப்பேறு பற்றிய வரிதான் இன்னும் மங்கலாக இருக்கிறது, கவனித்தீர்களா?

ஒன்பதாம் நாள் கையெழுத்துப் போட்டாள். பயிற்சிப் பள்ளி வேலை பிறகும் கிடைக்கும், பெரிய விமானத்தின் மணிக்கணக்கு பிறகு கிடைக்காது என்பது அவள் கணக்கு. பிணைதாரராக அண்ணன் கையெழுத்திட்டார். அண்ணி இன்னும் சமாதானமாகவில்லை. அவருடைய பயம் பொய்யானதும் அல்ல. மாதத் தவணை என்ற பாரம் அந்த வீட்டில் எல்லோர் தலையிலும் இருக்கிறது.

அவள் கடிதத்தின் நகலை என் கடிதத்தோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன். படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வந்த வேலைக்கடிதங்களையும் மறுப்புக் கடிதங்களையும் தூக்கிப் போடாதீர்கள். நம் வீடுகளில் பெண்களின் வரலாறு பெரும்பாலும் அந்தக் காகிதங்களில்தான் தேதியோடு இருக்கிறது.