மருந்தும் வாசலும்

சரித்திரத்துக்குச் சில சமயம் கதாசிரியனின் புத்தி வந்துவிடுகிறது. சம்பந்தமே இல்லாத இரண்டு சம்பவங்களை ஒரே வருஷத்தில் நடத்திவிட்டு, பல காலம் கழித்து இரண்டையும் ஒரு முடிச்சில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

1941-ம் வருஷம் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழே பிராஸ்டேட் என்றொரு சிறு சுரப்பி இருக்கிறது. அதில் தோன்றும் புற்றுநோய், ஆண் ஹார்மோனையே ஆகாரமாகக் கொண்டு வளர்கிறது. அந்த ஆகாரத்தை நிறுத்திவிட்டால், பரவிவிட்ட நோய்கூட ஒடுங்குகிறது என்று அவர் காட்டினார். சாவை எண்ணிப் படுத்திருந்த கிழவர்கள் சிலர் வலி நீங்கி எழுந்து நடந்தார்கள்.

அதே 1941-ல், டிரினிடாட் தீவில் ஒரு கறுப்புக் குழந்தை பிறந்தது. பெயர் ஸ்டோக்லி கார்மைக்கேல்.

மருந்து பிறந்துவிட்டது. ஆனால் மருந்து இருக்கும் இடத்துக்கு வாசல் ஒன்று உண்டல்லவா? அமெரிக்காவின் தென் மாகாணங்களில் அந்த வாசல் நிறம் பார்த்துத் திறந்தது. 1946-ல் ஆஸ்பத்திரி கட்டச் சர்க்கார் பணம் கொடுத்த சட்டமே, 'தனித்தனியாக, ஆனால் சமமாக' என்று பிரிவினைக்கு இடம் வைத்திருந்தது. தனி என்பது நடந்தது. சமம் என்பது காகிதத்தில் இருந்தது. வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்புப் பல் வைத்தியர் இருந்தார். பல்லில் சீழ் கட்டி ஜுரத்தோடு வந்த தம் நோயாளிக்கு அவர் இடம் தேடினார். கறுப்பர் ஆஸ்பத்திரியில் படுக்கை காலி இல்லை. வெள்ளையர் ஆஸ்பத்திரிகளில் அனுமதி இல்லை. மனுஷர் 1962-ல் கோர்ட்டுக்குப் போனார். 1963-ல் மேல்கோர்ட்டில் ஜயித்தார்.

பிறகு வந்தது 1966. அந்த ஒரே வருஷத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. ஜூன் மாதம், மிஸிஸிப்பியில் ஒரு கூட்டத்தில், இருபத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த கார்மைக்கேல் 'கறுப்பர் அதிகாரம்' என்று முழங்கினார். தேசமே திரும்பிப் பார்த்தது. ஜூலை முதல் தேதி, முதியோர்களுக்கான மெடிகேர் என்ற சர்க்கார் வைத்தியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கறுப்பரை ஒதுக்கும் ஆஸ்பத்திரிக்கு அதில் காசு கிடையாது என்றதும், தர்மத்துக்குத் திறக்காத எத்தனையோ கதவுகள் தனத்துக்குத் திறந்தன! அந்த வருஷக் கடைசியில் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கதவு திறந்தால் போதுமா? உள்ளே போகிறவனுக்கு நம்பிக்கை வேண்டாமா? அலபாமாவில் டஸ்கேஜி என்ற இடத்தில், 1932 முதல் சுமார் அறுநூறு ஏழைக் கறுப்பர்களை வைத்து அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகா ஓர் ஆராய்ச்சி நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு மேக வியாதி. பெனிசிலின் வந்த பிறகும் அதை அவர்களுக்குக் கொடுக்காமல், வியாதி என்ன செய்கிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். 1972-ல் குட்டு வெளிப்பட்டது. ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டது 1997-ல்! தகப்பனுக்கு நடந்ததைக் கேட்டு வளர்ந்த மகன், டாக்டரைக் கண்டால் ஒதுங்குவதை அறியாமை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

1998 நவம்பரில், ஆப்பிரிக்காவில் கினி நாட்டுத் தலைநகரில், குவாமே டூரே என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்த கார்மைக்கேல் காலமானார். வயது 57. நோய், பிராஸ்டேட் புற்றுநோய். தம்மோடு ஒரே வருஷத்தில் பிறந்த சிகிச்சையைத் தேட வேண்டிய நோயே அவரைக் கொண்டுபோயிற்று.

அவர் மரணத்துக்கு அநீதிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தனி ஒருவரின் உயிருக்கு அப்படிக் கணக்கு எழுத முடியாது. ஆனால் கூட்டத்துக்குக் கணக்கு உண்டு. அமெரிக்காவில் வெள்ளையரைப்போலச் சுமார் இரண்டு மடங்கு விகிதத்தில் கறுப்பர்கள் இந்த நோயால் இறக்கிறார்கள்.

'அது ரத்தத்தின் குற்றம்' என்பார்கள் சிலர். ரத்தத்துக்கும் பங்கு உண்டுதான். எட்டாவது குரோமோசோமில், இந்நோய்க்கு இடம் கொடுக்கும் சில மாறுதல்கள் ஆப்பிரிக்க வம்சத்தாரிடம் அதிகம் என்று 2006-ல் கண்டார்கள். நோய் வருவதற்கு அது ஒரு காரணமாகலாம். வந்தபின் சாவதற்கு?

இதற்கு முன்னாள் படைவீரர்களுக்கான சர்க்கார் ஆஸ்பத்திரிகள் பதில் சொல்கின்றன. அங்கே கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒரே வாசல், ஒரே வைத்தியம். அங்கு இந்நோய் கண்ட சுமார் அறுபதாயிரம் பேரின் விவரங்களை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். நோய் கண்டபின் பத்து வருஷங்களில் அதனால் இறந்தவர்களின் விகிதம் கறுப்பரிடையே வெள்ளையரைவிட அதிகமில்லை.

அப்படியானால், வெளியே அந்த இரண்டு மடங்குச் சாவில் எத்தனை பேரை நோய் கொன்றது, எத்தனை பேரை வாசல் கொன்றது? ஹக்கின்ஸ் கண்டது நோயின் ஆகாரத்தை நிறுத்தும் வழி. சிம்கின்ஸ் என்ற பல் வைத்தியர் கண்டது, அந்த வழிக்குப் போகும் வாசல். முன்னவருக்குப் பரிசு கிடைத்தது, நியாயந்தான். பின்னவரையும் வைத்திய சரித்திரத்தில் ஒரு பக்கம் எழுதி வைக்கவேண்டும் என்பது என் ஆசை.