இருட்டிலும் மங்காத 32 நிறங்கள்

1996இல் வந்த ‘குவேக்’ விளையாட்டின் உலகம் முழுக்க 256 நிறங்களுக்குள்தான் இருந்தது. நிறத்துக்கு மூன்று பைட், மொத்தம் 768 பைட், நிறக்கோப்பு அவ்வளவுதான். அதில் கடைசி 32 நிறங்கள் எவ்வளவு இருட்டிலும் மங்காது. விளக்குகள் ஒளிர்ந்தது அதாலதான்.

வினையும் அங்கதான் தொடங்கினது. ரசிகர்கள் சொந்தமாகச் செய்த சுவர்ப்படங்களை 256 நிறத்துக்குள் குறுக்கும்போது, மென்பொருள் கிட்டடி நிறம் எதுவெண்டு மட்டும்தான் பார்க்கும். அது அந்த 32க்குள் விழுந்தால், இருண்ட அறையின் செங்கல் சுவரில் புள்ளி புள்ளியாக மின்மினி! ஐடி சொஃப்ட்வெயாரின் படம் பொதியும் கருவியான ‘கியூலம்பி’யே கட்டளை வரியில்தான் ஓடியது. ரசிகர்களின் திருத்தக் கருவிகள் செய்ததும் எளிய வேலை: 224 தொடக்கம் 255 வரையான எண்களைத் தேடி, சாதாரண நிறங்களாக மாற்றுவது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் படத்திலும் ஓடவிட்டால் விளக்குகளும் அணைஞ்சுபோகும். எது பிழை, எது ஓவியர் வேணுமெண்டே வைச்சது எண்டு கருவிக்குத் தெரியாது.

1997இல் வந்த ‘ஜிஎல்குவேக்’ அந்த 32ஐக் கணக்கெடுக்கவே இல்லை. கனபேர் மங்கின விளக்குகளையே உண்மையான குவேக் எண்டு நம்பி விளையாடினம். 1999 டிசம்பரில் மூலநிரல் திறக்கப்பட்ட பிறகு ரசிகர்கள் எழுதின என்ஜின்களில்தான் அந்த வெளிச்சம் திரும்பி வந்தது. முதல்முறை பார்த்தபோது, யாரோ படத்தைக் கெடுத்துப்போட்டாங்கள் எண்டுதான் நினைச்சன்.