யார் வீட்டு நாய்?

எங்க அப்பாயிக்கு வலது கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருந்தது. நாலு பல் பதிந்த தழும்பு. நெடுங்காடு பக்கத்தில் ஓர் ஆண்டை வீட்டுக் கொல்லையில் சாணி அள்ளப் போன விடியக்காலையில் கடித்தது. சின்ன வயசில் நான் அதைத் தடவிப் பார்த்து 'யாரு வூட்டு நாயி?' என்று கேட்பேன். அப்பாயி நேராகப் பதில் சொல்லாது. 'நாயி என்னடா பண்ணும், அவுத்து வுட்டவன்...' என்று இழுத்துவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடும்.

அந்த வீட்டில் சங்கிலி இல்லாமல் இல்லை. விருந்தாளிகள் வாசல் வழியாக வரும் நேரத்தில் நாய் தூணில் கட்டிக் கிடக்கும். நம் ஆட்கள் கொல்லை வழியாக நுழையும் நேரத்தில் அவிழ்ந்து கிடக்கும். வாசலுக்குப் போனால் தீட்டு, கொல்லைக்குப் போனால் நாய். கடித்த அன்று ஒரு கொட்டாங்குச்சியில் சுண்ணாம்பு கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டுப் போனார்களாம். அதை அப்பிக்கொண்டு மறுநாளும் சாணி அள்ளப் போயிருக்கிறது அப்பாயி. போகாவிட்டால் கூலி நெல் போச்சு.

'பொறுப்பாக நாய் வளர்ப்பது எப்படி' என்று இப்போது பத்திரிகைகளில் நிறைய எழுதுகிறார்கள். தடுப்பூசி போடுங்கள், தெருவில் சங்கிலி பிடித்து நடத்துங்கள், அடுத்தவர் வாசலில் அசிங்கம் பண்ண விடாதீர்கள். எல்லாம் சரிதான், நமக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்த 'அடுத்தவர்' என்பவர் யார்? நம் நாட்டில் நாய் வளர்த்தவர்கள் யாரை அடுத்தவர் என்று கணக்கில் வைத்தார்கள், யாரை வைக்கவில்லை? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

காரைக்காலிலிருந்தே தொடங்கலாம். 1739-ல் இந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1819-ல் பிரெஞ்சு சிவில் சட்டம் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளுக்கும் அறிவிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் 1385-ஆவது பிரிவு நம் விசயத்தை நேரடியாகப் பேசுகிறது. ஒரு விலங்கு யாருக்காவது கேடு விளைவித்தால் அதன் உடைமையாளரோ, அதை வைத்து வேலை வாங்குபவரோ பொறுப்பு. விலங்கு அவர் பிடியில் இருந்தாலும் சரி, அறுத்துக்கொண்டு ஓடியிருந்தாலும் சரி. இதைவிடத் தெளிவாக எப்படி எழுத முடியும்? எல்லைக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லா வெள்ளைக்காரன் ஆட்சியில் இருக்க, இந்தப் பக்கம் சமத்துவம், சகோதரத்துவம் பேசியவர்களின் சட்டம் காகிதத்தில் இருந்தது.

ஆனால் அதே 1819 ஆணையில் இன்னொரு வாசகமும் இருந்தது. இந்தியர்கள் அவரவர் சாதியின் சட்டம், வழக்கம், பழக்கம் ஆகியவற்றின்படியே முன்போல் விசாரிக்கப்படுவார்கள் என்று அது சொன்னது. ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் வாங்கிக்கொண்டார்கள். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. நாய்க்கு உடையவன் ஆண்டை. பண்ணையாளுக்கும் உடையவன் ஆண்டை. ஒரு உடைமை இன்னொரு உடைமையைக் கடித்தால் யார் யார்மேல் வழக்குப் போடுவது? அப்பாயி காலத்தில் சட்டம் என்னவோ பிரெஞ்சிலேயே இருந்தது. கொல்லையில் மனு இருந்தான்.

மனுதர்மத்தின் பத்தாம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். சண்டாளரும் சுவபசரும் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், நாயும் கழுதையுமே அவர்களின் செல்வம் என்கிறது. 'சுவபசர்' என்ற பேருக்கே நாயைச் சமைப்பவர் என்று பொருள் சொல்கிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் பார்ப்பனர் சாப்பிடும்போது பார்வையில் படக்கூடாதவை என்று ஒரு பட்டியல் வருகிறது. சண்டாளன், பன்றி, சேவல், நாய், மாதவிலக்கான பெண், அலி என்று அதில் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆக, உடைமை என்று நமக்கு எழுதிக் கொடுத்தது நாயை மட்டும்தான். அந்த உடைமையையும் தீட்டு என்று எழுதிவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

சேக்கிழார் இதை வேறு மாதிரி காட்டுகிறார். தமிழ் எம்.ஏ. படித்தபோது பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் புராணத்தை நந்தனின் பக்திக்காக மட்டுமே நடத்தினார்கள். கொள்ளிடக் கரையில் ஆதனூர்ப் புலைப்பாடியை அவர் வருணிக்கும் பாட்டுகளை வகுப்பில் வேகமாகத் தாண்டிவிட்டார்கள். நான் பிறகு தனியாக உட்கார்ந்து படித்தேன். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேரி அப்படியே இருக்கிறது. மாமரத்தில் பறை தொங்குகிறது. மருத நிழலில் தோல் விரித்து உழத்தி பிள்ளையைத் தூங்க வைக்கிறாள். தென்னை மரத்தடியில் குட்டி போட்ட நாய் வளை பறித்துக் கிடக்கிறது. முற்றத்தில் கோழிக்குஞ்சுகள் சுற்றுகின்றன. துள்ளுகிற நாய்க்குட்டிகளைக் கறுத்த பிள்ளைகள், கையில் இரும்புக் காப்புப் போட்ட பிள்ளைகள், தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குட்டிகள் மெல்லக் குரைக்கிற சத்தம் பிள்ளைகளின் அரையில் கட்டிய இரும்பு மணிச் சத்தத்தில் அமுங்கிப் போகிறது.

சேக்கிழார் இதை இழிவுக்கு எழுதினாரா, அழகுக்கு எழுதினாரா என்று சண்டை போடட்டும். எனக்கு இது ஆவணம். டெல்டாவில் நாயோடு ஒரே முற்றத்தில் வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். அந்த நாய் யாரையும் விரட்டவில்லை. இன்றைக்கும் அறுப்பு முடிந்த வயலில் எலி வளை தோண்டும்போது எந்த வளையில் எலி இருக்கிறது என்று காட்டுவது நாய்தான். சுடுகாட்டில் வெட்டியானுக்கு ராத்துணை நாய்தான். இதற்குப் பேர் 'செல்லப் பிராணி' இல்லை, கூட்டாளி.

பிறகு ஐரோப்பியர் வந்தார்கள். கடற்கரை ஊர்களின் தெருவில் உடையவன் இல்லாமல் சுற்றும் நாயைப் பார்த்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேர் 'பரையா டாக்'. பறையர் என்ற நம் சனங்களின் பேரை எடுத்து அனாதை நாயின் கழுத்தில் மாட்டினார்கள். 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியிலேயே அது தனிச்சொல்லாக ஏறிவிட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கோ 'பாரியா' இலக்கியமாகிவிட்டது. 1821-ல் பாரிசில் 'பாரியா' என்ற பேரிலேயே காசிமிர் தெலவீஞ் நாடகம் போட்டார். அங்கே கனவான்கள் நாடகத்தில் பாரியாவுக்காக உருகிய அதே நூற்றாண்டில் காரைக்கால் துறையிலிருந்து நம் சனங்களைக் கப்பலேற்றி ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் கரும்பு வெட்ட அனுப்பினார்கள். அந்தச் சொல் இன்றும் நாய் ஆராய்ச்சிப் புத்தகங்களில் கூச்சமில்லாமல் இருக்கிறது. நம்மூர்க்காரனும் சளைத்தவனில்லை, சண்டை வந்தால் அவன் வாயில் வரும் முதல் வசவு அந்த இரண்டையும் ஒட்டிய சொல்தான். உடையவன் உள்ள நாயை நம்மேல் ஏவினார்கள். உடையவன் இல்லாத நாய்க்கு நம் பேரை வைத்தார்கள்.

மகாபாரதத்தில் வரும் நாய்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். கடைசியில் தருமனோடு சொர்க்க வாசல் வரை போகும் நாயை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முன்பே வரும் இன்னொரு நாயைச் சொல்ல மாட்டார்கள். அது பாண்டவர்களோடு வேட்டைக்குப் போன நாய். காட்டில் தோல் உடுத்தி, அழுக்கேறி, கறுப்பாக நின்ற ஏகலைவனைப் பார்த்துக் குரைத்தது. அவன் அதன் வாயில் ஏழு அம்பை விட்டு அடைத்தான். அந்த வில்திறமை யாருடையது என்று தேடிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் போனது கட்டை விரல். அவர்கள் நாய் நம்மைப் பார்த்துக் குரைத்தால் விலை நாம் கொடுக்க வேண்டும்.

நம் நாய் அவர்களைப் பார்த்துக் குரைத்தால்? அரியானா மாநிலம் இசார் மாவட்டம் மிர்ச்பூர். 2010 ஏப்ரலில் வால்மீகித் தெரு வழியாகப் போன ஜாட் இளைஞர்களைப் பார்த்து ஒரு தலித் வீட்டு நாய் குரைத்தது. அவ்வளவுதான். ஏப்ரல் 21 அன்று கும்பலாக வந்து வீடுகளைக் கொளுத்தினார்கள். நடக்க முடியாத ஒரு பெண் பிள்ளையும் அவள் தகப்பனாரும் தீயில் செத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஊரை விட்டே போயின. எட்டு வருசம் கழித்து, 2018 ஆகஸ்ட் 24-ல் தில்லி உயர்நீதிமன்றம் 33 பேரைக் குற்றவாளிகள் என்றது. 12 பேருக்கு ஆயுள் தண்டனை. நாய் குரைத்ததற்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்து உலகத்தில் வேறெங்காவது நடந்திருக்குமா?

அதே 2010 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் மொரேனா மாவட்டத்தில் ஒரு தலித் பெண் மீந்த ரொட்டியை ஒரு நாய்க்குப் போட்டார். அது ஆதிக்க சாதிக்காரர் வீட்டு நாய். 'நாய் தீட்டாகிவிட்டது, இனி நீயே வைத்துக்கொள்' என்று உடையவர் அதைத் தள்ளிவிட, பஞ்சாயத்து அந்தக் குடும்பத்துக்கு 15,000 ரூபாய் அபராதம் போட்டது. வடக்கத்திக் கதை என்று தள்ள வேண்டாம். நம் தென் மாவட்டங்களில் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதை 2000-க்குப் பிறகு நடந்த தீண்டாமைக் கள ஆய்வுகள் வெளியே கொண்டுவந்தன. சேரி ஆண் நாய் ஊர்ப் பெண் நாயோடு சேர்ந்துவிடுமாம்! அகமணத்தை நாய் வரைக்கும் இறக்கிவிட்டவர்கள் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருக்கும்.

சரி, இன்றைய பேச்சுக்கு வருவோம். 2025 ஆகஸ்ட் 11-ல் உச்சநீதிமன்றம் தில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-ல் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநாயையும் மூர்க்கமான நாயையும் விடக்கூடாது என்றது. தொலைக்காட்சியில் நாய்ப்பிரியர் ஒரு பக்கம், எதிர்ப்பாளர் ஒரு பக்கம். விடியக்காலை நாலு மணிக்குத் துடைப்பத்தோடு தெருவில் இறங்கும் துப்புரவுத் தொழிலாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்தவர் எத்தனை பேர்? முதல் கடி அவருக்குத்தான். சங்கிலி பிடித்து நடத்திப் போகும் கனவானின் நாய் விட்டுப்போனதை அள்ளுவதும் அவர்தான். செத்த நாயை இழுத்துப் போடுவதும் அவர்தான். 'பொறுப்பான' உடைமையாளர் ஒரு காகிதத்தில் அள்ளிப் போட்டால் தீருகிற வேலை அது. அதைச் செய்யக் கை கூசுகிறது என்றால் அந்தக் கூச்சத்துக்குச் சாதிதான் பேர்.

வெறிநாய்க்கடி விசயத்தில் நாம் ஏமாறக்கூடாது. 1885-ல் பாஸ்டர் தடுப்பூசியைக் கண்டார், 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்துவிட்டது. இருந்தும் இந்தியாவில் வருசத்துக்கு 18,000 முதல் 20,000 பேர் வரை வெறிநோயில் சாகிறார்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் கணக்குச் சொல்லி வந்தது. அதில் கணிசமான பங்கு பதினைந்து வயசுக்குக் கீழான பிள்ளைகள். எங்க மாமாவுக்குத் தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி போட்டார்கள். அந்தப் பயத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் செத்தவர்கள் உண்டு. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்து 2004 கடைசியில் நிறுத்தப்பட்டது. இப்போது கையில் நாலைந்து ஊசிதான். ஆனால் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை, மிளகாய்ப்பொடி போகவில்லை. கடித்தவுடன் ஓடுகிற தண்ணியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். அன்றைக்கே ஊசி. காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே தனியாக இன்னொரு மருந்தும் போடுவார்கள், கேட்டு வாங்க வேண்டும். ஒருமுறை நோய் கண்டுவிட்டால் பிழைக்க வைக்கிற வைத்தியம் இல்லை.

சட்டமும் இருக்கிறது. வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் உடையவர் பொறுப்பு என்று 2023-ல் வந்த விலங்குக் கருத்தடை விதிகள் சொல்கின்றன. தன் விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு. 1385-க்கு நேர்ந்த கதி இதற்கும் நேரக்கூடாது என்றால் கடிபட்டவர் போலீஸ் வாசலுக்குப் போக வேண்டும். கொல்லை வழியாக இல்லை, வாசல் வழியாக.

நம் பக்கத்தையும் சொல்லாமல் விடமுடியாது. நம் தெருவில் வீட்டுக்கொரு நாய் திரிகிறது. சோறு போடுகிறோம், ஊசி போடுவதில்லை. குட்டி போட்டால் பெண் குட்டிகளைச் சாக்கில் கட்டி வாய்க்கால் கரையில் விட்டுவருகிறோம். அது கடித்தாலும் கடிபடுவது நம் பிள்ளைதான். போன வருசம் எங்க தெருப் பையன்கள் கணக்கெடுக்கலாம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டார்கள். நாயின் நிறம், ஆணா பெண்ணா, ஊசி போட்டதா, உடையவர் பேர். முதல் நாள் முடிவில் பார்த்தால் உடையவர் பத்தியில் பாதிக்கு மேல் 'தெரு' என்றே எழுதியிருந்தது. வீட்டில் கேட்டால் 'அது சும்மா வந்து படுத்துக்கிடக்கு' என்கிறார்கள். பேர் கொடுத்தால் ஏதாவது வழக்கு வருமோ என்ற பயம். பயம் நியாயம்தான், மிர்ச்பூரில் நாய்க்கு உடையவர் யாரென்று தெரிந்துதானே வந்தார்கள்.

மறுநாள் நானும் கூடப் போனேன். கோடியில் தனியாக இருக்கும் ஒரு ஆயா வீட்டு வாசலில் காது கிழிந்த செவலை நாய் ஒன்று படுத்திருந்தது. பையன் கேட்காமலே 'தெரு' என்று எழுதப் போனான். ஆயா எட்டிப் பார்த்து, 'என்னா எழுதுற?' என்றது. சொன்னான். 'அத அடிச்சிட்டு எம்பேர எழுது. ரெட்டியா சோறு வடிக்கிறேன் ரெண்டு பேருக்கும். ஊசி எப்பன்னு சொல்லு, நாந்தான் புடிச்சிக்கிட்டு வருவேன், வேற யாரு கிட்ட போனாலும் கடிக்கும்' என்றது.