தாதாயிக்சன் (நிகழ்படக் கலைப்படைப்பு)

தாதாயிக்சன் என்பது தென்கொரியாவின் குவாச்சொன் நகரிலுள்ள தேசிய கலை அருங்காட்சியகத்தில் 1988 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நிகழ்படக் கலைப்படைப்பு ஆகும். நிகழ்படக் கலையின் முன்னோடியாகக் கருதப்படும் நாம் சூன் பைக் (1932–2006) இதனை உருவாக்கினார். "மிகுதியாக இருப்பதே நன்று" என்பது பெயரின் பொருள். 18.5 மீட்டர் உயரக் கோபுரமாக 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளன. கொரிய நாடு தோன்றியதாகக் கொண்டாடப்படும் அக்டோபர் 3 ஐ இவ்வெண் குறிக்கிறது.

பேணுவதில் உள்ள சிக்கல்

படக்குழாய்கள் இயங்க இயங்க மங்கும் தன்மையன. 2003 இல் பெட்டிகள் புதிதாக மாற்றப்பட்டும் பழுதுகள் தொடர்ந்தன. தீ விபத்து ஏற்படலாம் என்பதால் 2018 இல் கோபுரம் அணைக்கப்பட்டது. பெயர் மிகுதியைப் போற்றினாலும், மாற்றுக் குழாய்களோ அதற்குள் அரிதாகிவிட்டன. தட்டைத் திரைகளைப் பொருத்துவது எளிது. ஆனால் குழாய்த்திரையின் வளைவும் ஒளியும் படைப்பின் பகுதியே என்போர் அதனை ஏற்கவில்லை. கேட்டறியப் படைப்பாளியும் உயிருடன் இல்லை.

மூல வடிவை இயன்றவரை காப்பதென 2019 இல் அருங்காட்சியகம் முடிவு செய்தது. 737 பெட்டிகளில் படக்குழாய்களே தொடர்ந்தன. மேலடுக்குகளிலுள்ள 266 சிறிய பெட்டிகளில் மட்டும், புறத்தோற்றம் மாறாதபடி நீர்மப் படிகத் திரைகள் பொருத்தப்பட்டன. நிகழ்படங்கள் இலக்கமுறைக்கு மாற்றப்பட்டன. செப்டம்பர் 2022 இல் கோபுரம் மீண்டும் ஒளிர்ந்தது. தேய்மானத்தைக் குறைக்க, குறிப்பிட்ட நேரம் மட்டுமே இயக்குவதென முடிவாயிற்று.