ஈகைக் கல்வி: பிடியரிசி முதல் சிரமதானம் வரை

ஈகை என்பது பொருளுடையார் பொருளில்லார்க்கு வழங்குவது என்ற அளவிலேயே பலராலும் கருதப்படுகின்றது. ஆயின், அஃது ஒரு பழக்கமும் ஆகும். பழக்கமாதலின் இளமையிலேயே பயிலப்பட வேண்டியதொன்று. திண்ணைப் பள்ளியிற் சேர்ந்த தமிழ்ச் சிறுவன் மனனஞ் செய்த ஆத்திசூடியின் முதற் பாடமே அறத்தைப் பற்றியது. அறத்தைச் செய்க என்று ஏவாது, செய்தற்கு விருப்பங்கொள்க என்று ஔவையார் அறிவுறுத்தியமை சிந்திக்கத்தக்கது. ஏவிச் செய்விக்குங் கொடை ஏவுவோர் நீங்கியதும் நின்றுவிடும். விருப்பமோ வாழ்நாள் முழுவதும் உடன்வரும். அவ்விருப்பத்தை இளையோர் உள்ளத்தில் விளைவித்த முயற்சிகள் மூன்றினை இலங்கை வரலாற்றிற் காணலாம். அவை ஒவ்வொன்றும் கற்பித்தது யாது, கற்பியாது விட்டது யாது என்பதை ஆராய்தல் இன்றும் பயனுடையதாகும்.

முதலாவது பிடியரிசி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தது. அந்நிலையில் ஆறுமுக நாவலர் (1822–1879) 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அரசாங்க உதவி கிடையாத தொடக்க காலத்தில் ஊரவர் உதவியே அதற்கு ஊன்றுகோலாயிற்று. அவ்வுதவியின் ஒரு வடிவமே பிடியரிசி. பின்னர், 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் உயிர்நாடியாய் விளங்கிய சு. இராசரத்தினம் அவர்கள், ஊர் ஊராகச் சென்று அம்முறைக்குப் புத்துயிர் அளித்தார். குடாநாட்டின் பல கிராமங்களிற் சைவப் பாடசாலைகள் எழுந்தமைக்கு அப்பிடியரிசியும் ஒரு காரணமாகும்.

பிடியரிசியின் சிறப்பு அதன் தொகையில் இல்லை; முறையில் உள்ளது. உலையிலிடுதற்கு அரிசியை அளந்தெடுக்கும் தாய், சமைப்பதற்கு முன்னரே அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இடுவாள். உண்டபின் எஞ்சியதைக் கொடுப்பதன்று அது. உண்பதற்கு முன் ஒதுக்குவது. செல்வர் வீட்டுப் பிடிக்கும் ஏழை வீட்டுப் பிடிக்கும் அளவில் வேற்றுமை சிறிதே. ஆதலின், வழங்குவதற்குச் செல்வனாதல் வேண்டும் என்னும் எண்ணம் அவ்வீட்டுச் சிறுவர் உள்ளத்தில் முளைப்பதற்கே இடமில்லாது போயிற்று. நாள்தோறும் கண்ணெதிரே நிகழுஞ் செயலுக்கு விளக்கவுரை வேண்டுவதில்லை. ஈகை என்பது வீட்டு நடைமுறைகளுள் ஒன்று என்று சிறுவர் தாமாகவே உணர்ந்தனர்.

எனினும், அம்முறைக்கு ஓர் எல்லை இருந்தமையை மறைத்தல் வரலாற்று நேர்மையாகாது. பிடியரிசி சமூகத்தின் ஒரு வட்டத்துள்ளேயே சுழன்றது. கொடுத்தோர் பிள்ளைகளே பெரும்பாலும் பயன்பெற்றோரும் ஆயினர். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கு இடம் மறுக்கப்பட்டது; இடம் அளிக்கப்பட்ட விடத்தும் அவர்கள் நிலத்தில் இருத்தப்பட்டனர். நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் அளித்தல் வேண்டும் என 1929ஆம் ஆண்டளவில் அரசாங்கம் பணித்தபோது எதிர்ப்புக் கிளம்பிற்று. 1930இற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. தன் சோற்றிற் பிடியளவு பகிரக் கற்ற சமூகம், தன் பிள்ளை இருக்கும் வாங்கிற் சாணளவு பகிர மறுத்தது. ஈகைப் பழக்கம் ஒன்றே சமத்துவ உணர்ச்சியைத் தந்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது முயற்சி மாணவரிடத்திலிருந்தே எழுந்தது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் முயற்சியால் 1924இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் உருவாயிற்று. நாட்டு விடுதலை, தாய்மொழி வளர்ச்சி, தீண்டாமை ஒழிப்பு என்பன அதன் குறிக்கோள்களுள் அடங்கின. அச்சங்கத்தின் அழைப்பை ஏற்ற காந்தியடிகள் 1927 நவம்பர் மாத இறுதியில் யாழ்ப்பாணம் வந்தார். அவருடைய இலங்கைச் சுற்றுப்பயணத்தின் வெளிப்படையான நோக்கம் கதர் நிதி திரட்டுதல். இந்தியக் கிராமங்களில் இராட்டையால் வயிறு வளர்க்கும் ஏழை மக்களுக்காகச் சென்றவிடமெங்கும் பணமுடிப்புகள் அளிக்கப்பட்டன. பாடசாலைகளும் அதிற் பங்கு கொண்டன.

பிடியரிசி காட்டாத ஒன்றை இந்நிதி காட்டிற்று. தன் ஊரினர் அல்லாத, தான் ஒருபோதும் கண்டிராத மக்களுக்காகக் கொடுத்தலை அஃது இளைஞருக்கு அறிமுகஞ் செய்தது. ஆனால், காந்தியடிகள் முடிப்பைப் பெற்று நன்றி கூறுவதோடு அமைந்தாரல்லர். யாழ்ப்பாணத்திற் பேசியபோது மதுவையும் தீண்டாமையையும் வெளிப்படையாகவே கண்டித்தார். கடல் கடந்த ஏழைக்குப் பணம் அனுப்புதல் எளிது. அடுத்த தெருவிலுள்ளவனைச் சமமாக நடத்துதலே அரிது. கொடை கொடுத்தோரை நோக்கியே இவ்வுண்மையை அவர் நினைவூட்டியமை, அவ்வருகையின் உண்மையான பாடம் எனலாம். அப்பாடத்தை உளங்கொண்ட இளைஞர், பின்னர் வாலிபர் காங்கிரஸ் என வழங்கிய அவ்வியக்கத்தின் வாயிலாகச் சாதி வேற்றுமைக்கு எதிராகத் தொடர்ந்து குரல் எழுப்பினர்.

மூன்றாவது முயற்சி தென்னிலங்கையில் நிகழ்ந்தது. ஆயினும் அதன் வேர் காந்தியக் கருத்திலேயே உள்ளது. ரஸ்கின் எழுதிய நூலொன்றைக் காந்தியடிகள் 1908இற் குசராத்தி மொழியிற் சுருக்கித் தந்தபோது அதற்கு இட்ட பெயர் சர்வோதயம். எல்லாருடைய நலமும் என்பது அதன் கருத்து. அப்பெயரை ஏற்ற இயக்கம் ஒன்று கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் வகுப்பறையிற் பிறந்தது. அங்கு ஆசிரியராயிருந்த ஏ. டி. ஆரியரத்ன (1931–2024), 1958 டிசம்பரில் மாணவரையும் ஆசிரியர் சிலரையும் அழைத்துக்கொண்டு குருநாகல் மாவட்டத்துக் கனதொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்றார். அது சிங்களச் சமூகத்தில் மிகத் தாழ்ந்தோராகக் கருதப்பட்ட ரொடி வகுப்பினர் வாழ்ந்த கிராமம். பிச்சை ஏற்று வாழ்பவர் என்ற பெயரே அவர்களுக்கு நெடுங்காலம் சூட்டப்பட்டிருந்தது.

நகரத்து மாணவர் அங்கே காசோ பழந்துணியோ கொண்டு செல்லவில்லை. தம் உடலுழைப்பைக் கொண்டு சென்றனர். கிணறு தோண்டினர், மலசலகூடம் அமைத்தனர், தோட்டத்துக்கு நிலம் பண்படுத்தினர். அவர்களோடு கிராம மக்களும் மண்வெட்டி ஏந்தினர். எல்லாவற்றினும் மேலாக, அம்மக்களின் குடில்களிலே தங்கி அவர்களோடு உண்டனர். தலைமுறை தலைமுறையாக ஏற்போர் என எண்ணப்பட்டவர்கள் அன்று விருந்தோம்புவோர் ஆயினர். கொடுக்கச் சென்ற மாணவர் விருந்தினர் ஆயினர். கொடுப்போன் உயர்ந்தவன், கொள்வோன் தாழ்ந்தவன் என்னும் பழைய கணக்கு அங்கே தலைகீழாயிற்று. ஈகை, இன்சொல், பயன்தரு செயல், சமத்துவம் என்னும் பௌத்த மரபின் நான்கு நெறிகளை இச்சிரமதான முகாம்கள் தம் ஒழுக்கமாகக் கொண்டன. மற்றைய பாடசாலைகளும் இவ்வழியைப் பின்பற்ற, அஃது ஓர் இயக்கமாக வளர்ந்தது. 1969இல் ஆரியரத்ன மக்சாய்சாய் விருது பெற்றார்; 1972இல் இயக்கம் பாராளுமன்றச் சட்டத்தாற் கூட்டிணைக்கப்பட்டது. வீதியை மனிதர் அமைக்கும்போது அவ்வேலை மனிதரை அமைக்கின்றது என்பது இன்றுவரை அதன் கொள்கை.

இம்மூன்றினையும் ஒருங்கு நோக்கின் ஒரு படிமுறை புலனாகும். பிடியரிசி தன்னுடையதிலிருந்து கொடுக்கக் கற்பித்தது. கதர் நிதி தன்னவர் அல்லார்க்குங் கொடுக்கக் கற்பித்தது. சிரமதானம் தன்னையே கொடுக்கவும், கொடுக்கப்படுவோனுடன் ஒரு பந்தியில் இருக்கவும் கற்பித்தது. முதலிரண்டும் வேண்டாதன அல்ல. மூன்றாவது சேராதவிடத்து அவை முழுமை பெறமாட்டா என்பதே கருத்து.

இன்றைய பாடசாலைகளுக்கு இவ்வரலாறு எதனை உணர்த்துகின்றது? 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதனாற் பாடசாலை வாழப் பிடியரிசி வேண்டும் என்ற நிலை நீங்கியது. பலருக்குக் கல்வியின் வாயிலைத் திறந்த அம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆனால், தேவையோடு பழக்கமும் நீங்கிவிடுதல் வேண்டுமென்பதில்லை. கொடி தினத்தன்று தந்தையிடம் காசு வாங்கி உண்டியலில் இடும் மாணவன் தந்தையின் ஈகையையே செய்கின்றான். தன் ஈகையைச் செய்பவன் அல்லன். அவனுடையவை என்று சொல்லத்தக்கன அவனுடைய நேரமும் உழைப்பும் அறிவுமே. அயற்கிராமத்துக் குளக்கட்டைத் திருத்துதல், எழுத்தறியாத முதியோர்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்தல், வசதியற்ற சிறுவர்க்கு மாலையிற் பாடஞ் சொல்லுதல் ஆகியவற்றை எந்த ஏழை மாணவனாலும் ஆற்ற முடியும். அவற்றுக்குப் பரிசும் பாராட்டுப் பத்திரமும் வேண்டா. அவை வந்தாற் கொடை வாணிகமாகும்.

ஔவையார் வேண்டிய விருப்பம் சொற்பொழிவினாற் பிறப்பதன்று. பிறரோடு கூடி உழைத்து, கூடி உண்டவிடத்தே பிறப்பது. அத்தகைய வாய்ப்பை மாணவனுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது அளிக்கும் பாடசாலையே ஈகையைக் கற்பித்த பாடசாலையாகும்.