மெஸ்: சோறு விற்கக் கூசிய மொழி

கோவையில் மதிய வேளையில் நல்ல சோறு தேடி அலைகிறவர் கண்ணில் முதலில் நிற்பது ‘மெஸ்’ என்று எழுதிய பலகைதான். காந்திபுரம், பீளமேடு, ராம்நகர் என்று எங்கே திரும்பினாலும் அந்தப் பெயர் உண்டு. அதன்மேல் ஒரு பழியும் உண்டு. மெஸ் என்றால் ஆங்கிலத்தில் அலங்கோலமாம். சோறு போடும் இடத்துக்கு அது ஆகாதாம். ‘உணவகம்’ என்று மாற்ற வேண்டுமாம். இதைவிட அரைகுறையான சொல்லாராய்ச்சி இருக்க முடியாது. அலங்கோலம் என்ற பொருள் ஆங்கிலத்திலேயே 19ஆம் நூற்றாண்டில்தான் வேர்பிடித்தது. சொல்லின் மூலம் லத்தீனின் ‘மிஸ்ஸுஸ்’: அனுப்பப்பட்டது, அதாவது அடுக்களையிலிருந்து பந்திக்கு வந்தது. பழைய பிரெஞ்சில் அது ஒரு வேளைக்குப் பரிமாறும் பதார்த்தம் ஆயிற்று. 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் சேர்ந்து உண்ணும் சிறு கூட்டத்தையும், பெரும்பாலும் நால்வரை, குறித்தது. லண்டன் வழக்கறிஞர் சங்கங்களின் உணவுக்கூடத்தில் நால்வர் நால்வராக அமர்ந்து உண்ணும் மரபுக்கு இன்றும் அதுதான் பெயர். பிந்தி வந்த பொருளைக் காட்டி முந்தைய பொருளைக் குற்றம் சொல்வது ஆராய்ச்சி ஆகாது.

ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ‘மேசை’யிடம் போவதும் வீண். மேசை போர்த்துக்கீசியரோடு வந்தது. அதன் மூலம் லத்தீனின் ‘மென்ஸா’. மெஸ்ஸுக்கும் அதற்கும் உறவில்லை. ‘மிசை’ என்ற நம் வினையிலிருந்து மெஸ்ஸைப் பிறப்பிக்கும் ஆசையும் தமிழறிந்தவருக்கு எளிதில் வரும். மிசைதல் உண்ணுதல்தான், மறுப்பில்லை. விருந்தினர் உண்டபின் எஞ்சியதை உண்பவனைச் சொல்லும் 85ஆம் குறளில் மிச்சிலும் மிசையும் அடுத்தடுத்தே நிற்கின்றன. ஆனால் கொங்கில் அந்த வினை பேச்சில் இல்லை. இங்கே விசாரிப்பது ‘சோறுண்ணாச்சுங்களா’ என்றுதான். வாயில் இல்லாத வினை பலகையில் ஏறாது.

சற்றுக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு: நீலகிரியின் வெலிங்டன் பாளையத்திலிருந்து பட்டாளச் சொல்லாகவே மெஸ் கோவைக்கு இறங்கியது என்பது. இதை நான் ஏற்கவில்லை. அதிகாரிகளின் மெஸ் வெளியார் நுழையாத இடம். காசு கொடுத்து ஊரார் உண்ணும் கடைக்கு அது முன்மாதிரி ஆக முடியாது. மேலும், பட்டாளத்தின் பெயரைத் தமிழ்ச் சாப்பாட்டுக்கடை வேறு வழியில் எடுத்துக்கொண்டது. கறிச்சோறு கிடைக்கும் கடைக்கு ‘மிலிட்டரி ஓட்டல்’ என்றே பெயர். மெஸ் என்றாலே பட்டாளம் என்று ஊர் நினைத்திருந்தால், மிலிட்டரி என்று தனியே ஓர் அடைமொழி எதற்கு?

சொல் வந்த வழி மாணவர் விடுதி என்பதே என் துணிபு. கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை வந்தது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. வேளாண் கல்லூரிக்குப்பின் பூ.சா.கோ. கலைக்கல்லூரி 1947இலும் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி 1951இலும் கோவை தொழில்நுட்பக் கல்லூரி 1956இலும் எழுந்தன. வீட்டைவிட்டு வந்து தனியறையில் தங்கிய பையன்களும் ஆலை எழுத்தர்களும் ஊரில் நிறைந்தார்கள். விடுதியில் ‘மெஸ் பில்’ கட்டிப் பழகியவன் வெளியே வந்ததும் அதே ஏற்பாட்டையே தேடினான்: மாதக் கணக்கு, டோக்கன், குறித்த நேரம், அன்றன்று சமைத்தது மட்டும். ஒரு வீட்டின் முன்கூடத்தில் நான்கு பெஞ்சு போட்டு அதை நடத்தியவர்களுக்கு மெஸ் என்ற பெயர் இயல்பாகப் பொருந்தியது. கல்கத்தாவில் வேலைக்கு வந்த தனியாட்கள் கூடித் தங்கி உண்ட வீட்டை வங்காளிகள் ‘மெஸ்பாரி’ என்றதும், வட கர்நாடகத்தின் ‘கானாவளி’ மாதக் கணக்கில் நடந்ததும் இதே வகை ஏற்பாடுதான்.

இருந்தும், ஏன் ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை? இதற்கு விடை சோற்றிலேயே இருக்கிறது. தமிழில் சோறு கொடுக்கும் இடத்துக்குப் பெயர்கள் உண்டு. சோறு விற்கும் இடத்துக்கு மதிப்பான பெயர் இல்லை. பட்டினப்பாலை காட்டும் பெரிய அட்டிலில் வடித்த கஞ்சி தெருவில் ஆறாக ஓடுகிறது. அது அறத்துக்கான அட்டில். மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியது அமுதசுரபியால். 1867இல் வள்ளலார் வடலூரில் ஏற்றிய அடுப்பு தருமசாலையின் அடுப்பு. பழந்தமிழர் உணவு விற்கவில்லையா என்று கேட்கலாம். விற்றார்கள். ஆனால் எதை? சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் வரும் காழியர் பிட்டு வணிகர், கூவியர் அப்பம் விற்பவர். உடன் கள்ளும் மீனும் உப்பும் விற்போர். மதுரையின் வந்திக் கிழவி விற்றதும் பிட்டுதான். புறநானூற்றின் 33ஆம் பாட்டில் வேட்டுவனின் மான் இறைச்சிக்கும் ஆய்மகளின் தயிருக்கும் மாற்றாக உழவர் வீட்டுப் பெண்கள் முகந்து தருவது நெல். வடித்த சோறு அன்று. மதுரைக்காஞ்சியில் இன்சோறு தருவோர் வருகிறார்களே என்றால், அங்கும் வினை ‘தரு’ என்பதே, விற்றலைச் சொல்லும் ‘பகர்’ அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். பணியாரத்தை விற்கலாம், பசித்தவனுக்கு இலைச்சோற்றை விற்பதா என்ற கூச்சம் நெடுங்காலம் இருந்திருக்கிறது. ‘சோற்றுக்கடை’ பேச்சில் வழங்கியும் முதலாளிகள் அதைப் பலகையில் எழுதத் தயங்கியது இதனால்தான்.

ஆகவே விற்பனை என்பதைச் சொல்லாத பெயர்கள் தேவைப்பட்டன. ‘ஓட்டல்’ மூலத்தில் விருந்தினர் தங்கும் இடம். நம் ‘விருந்து’ புதுமையைக் குறித்துப் பின் புதியவரைக் குறித்ததோடு வைத்து எண்ணத்தக்கது. ‘காப்பி கிளப்’பின் கிளப் உறுப்பினர் கூட்டம். ‘விலாஸ்’ களிப்பு, ‘பவன்’ வீடு. இவற்றில் எதுவும் கடை என்று சொல்லவில்லை. மெஸ்ஸும் அப்படியே: சேர்ந்து உண்போர் கூட்டம், செலவைப் பங்கிட்டுக்கொள்வோர். பெருந்துறைக்கு அருகே சீனாபுரத்தில் ஒரு சாப்பாட்டு இடத்தின் பெயரே ‘நம்ம வீட்டுச் சாப்பாடு’. சிங்காநல்லூரில் குறைந்த விலையில் உணவு தரும் சாந்தி நிறுவனம் தன்னைச் ‘சோசியல் சர்வீஸ்’ என்கிறது. வீடு, சேவை, கூட்டம் எல்லாம் வருகின்றன. கடை மட்டும் வருவதில்லை.

பரிமாறும் முறையும் இதற்குச் சான்று. கொங்கு நாட்டுக் கறி மெஸ்ஸில் இலையில் சோறு விழுந்ததும் கோழிக்குழம்பு, ஆட்டுக்கறிக்குழம்பு, மீன்குழம்பு என்று சிறு வாளிகள் வரிசையாக வரும். பின்னால் ரசம், தயிர். வறுவலுக்கும் சுக்காவுக்கும் தனிக் காசு. சோற்றுக்கும் குழம்புக்கும் ‘இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கங்க’ என்ற உபசரிப்புத்தான், அளவில்லை. கறி விலைப்பொருளாகிவிட்டது, சோறு இன்னும் பாதி கொடைதான். ‘அளவுச் சாப்பாடு’ என்ற சொல்லையும் பாருங்கள். அளந்து போடுவதற்குத்தான் அடைமொழி வேண்டியிருந்தது. வெறும் ‘சாப்பாடு’ என்றால் அளவற்றது என்றே தமிழ்க் காது கேட்கிறது.

‘உணவகம்’ நல்ல ஆக்கம். 2013இல் தொடங்கிய அம்மா உணவகம் அதை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனது. ஆனால் அது இடத்தைச் சொல்கிறது, கூடி உண்பவரைச் சொல்லவில்லை. நாளும் ஒரே பந்தியில் உட்காரும் ஆட்களைக் குறிக்கும் தமிழ்ச் சொல் ஒன்று பலகைக்கு வரும்வரை மெஸ்ஸை இறக்க எனக்குச் சம்மதமில்லை.