கேம் செத்துப்போச்சா, வயசாயிடுச்சா?

கொரோனா முதல் அலை நேரத்துல ஒரு கேம் பத்தின கதை நிறைய சுத்துச்சு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கிற ஆன்லைன் கேமுக்குள்ள 2005-ல ஒரு கொள்ளைநோய் பரவின கதை. பல பேர் படிச்சிருப்பீங்க. அதே கேமுக்கு இன்னொரு நோயும் வந்தது. மெதுவா, வருஷக்கணக்கா வந்த நோய். அதுக்கு என்ன டயக்னோசிஸ்னு அதை ஆடினவங்களுக்குள்ளயே இன்னிக்கு வரைக்கும் சண்டை ஓயலை. இந்த இழை அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல் நோயை வேகமா சொல்லிடறேன். 2005 செப்டம்பர்ல ஹக்கார்னு ஒரு புது வில்லனை கேம்ல இறக்கினாங்க. அவனோட சண்டை போட்டா 'கரப்டட் பிளட்'னு ஒரு சாபம் ஒட்டிக்கும். உயிர் குறைஞ்சுகிட்டே போகும், பக்கத்துல நிக்கிறவருக்கும் தொத்தும். சண்டைக் களத்தோட முடிய வேண்டிய விஷயம், ஆட்டக்காரர்களோட வளர்ப்பு மிருகங்கள் வழியா நகரத்துக்குள்ள வந்துடுச்சு. கடைக்காரர் மாதிரி கம்ப்யூட்டர் இயக்குற பாத்திரங்கள் சாகாமலே தொற்றைச் சுமந்துகிட்டு நின்னாங்க. தெரு முழுக்க எலும்புக்கூடு. சிலர் ஊரை விட்டு ஓடினாங்க. வைத்தியம் பார்க்கிற ஹீலர்கள் சிலர் ஓடி வந்து முன்பின் தெரியாதவங்களைக் காப்பாத்தப் பார்த்தாங்க. சிலர் வேணும்னே பரப்பினாங்க. 2007-ல எரிக் லாஃப்கிரென், நினா ஃபெஃபர்மன் ரெண்டு பேரும் லான்செட் குழும இதழ்ல இதை வச்சு ஒரு கட்டுரையே எழுதினாங்க. கடைசியில கேம் கம்பெனியான பிளிசார்ட் சர்வரை ரீசெட் பண்ணினதும் நோய் காணாமப் போச்சு. எங்க ஜிஹெச்ல அப்படி ஒரு பட்டன் இல்லை.

ரெண்டாவது நோய்க்கு கேம்லயும் பட்டன் இல்லை.

2004 நவம்பர் 23-ல அமெரிக்காவுல வெளிவந்த கேம் இது. மாசம் சுமார் 15 டாலர் சந்தா. காசு கட்டி ஆடுற கேம்ங்கிறதால எத்தனை பேர் இருக்காங்கன்னு கம்பெனி காலாண்டு கணக்குல சொல்லிடும். 2010 அக்டோபர்ல 1.2 கோடி பேர். அதுதான் உச்சம். அப்புறம் இறக்கம். 2013-ல முதல் மூணே மாசத்துல 96 லட்சம் 83 லட்சமாச்சு. 2014 நடுவுல 68 லட்சம். அந்த வருஷம் நவம்பர்ல ஒரு புது எக்ஸ்பான்ஷன் விட்டாங்க, அதாவது கேமோட அடுத்த பெரிய பாகம். ஒரேயடியா 1 கோடியைத் தாண்டிடுச்சு. 2015 மார்ச் முடிவுல 71 லட்சம். ஜூன்ல 56. செப்டம்பர்ல 55. அத்தோட, இனிமே இந்த எண்ணிக்கையை வெளியிட மாட்டோம்னு கம்பெனி சொல்லிடுச்சு.

தெர்மாமீட்டரை உள்ள வச்சுட்டா காய்ச்சல் இறங்கிடுமா என்ன.

ஆட்டக்காரர்கள் ரெண்டு கட்சியா பிரிஞ்சாங்க. கேமோட தரம் கெட்டுப்போச்சு, அதனாலதான் ஆள் போறாங்கன்னு ஒரு கட்சி. ஆள் போயிட்டாங்க, அதனாலதான் கேம் நல்லா இல்லாத மாதிரி தெரியுதுன்னு இன்னொரு கட்சி. முதல் கட்சிக்குள்ளயே ரெண்டு பிரிவு. ரொம்ப ஈஸியாக்கிட்டாங்கன்னு ஒருத்தர், தினமும் ஒரே வேலையைச் செய்யச் சொல்லி உயிரை வாங்கறாங்கன்னு இன்னொருத்தர். ஓரமா நின்னு, "பத்து வருஷப் பழைய கேம்பா, வேற என்ன எதிர்பார்க்கறீங்க"ன்னு சிரிக்கிறவங்களும் உண்டு.

இங்க எங்க பாடப்புத்தகத்துல இருந்து ஒரே ஒரு விஷயம். கம்யூனிட்டி மெடிசின்ல முதல்ல சொல்லித் தர்ற கணக்கு. ஒரு ஊர்ல இன்னிக்கு எத்தனை நோயாளிகள் இருக்காங்கங்கிறது, புதுசா எத்தனை பேருக்கு நோய் வருது, வந்தவங்க எவ்வளவு நாள் நோயோட இருக்காங்கங்கிற ரெண்டையும் பெருக்கினா வர்ற எண். வார்டுல நைட் சென்சஸ் எடுக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். அட்மிஷன் அதிகமாகி பெட் நிறையலாம். டிஸ்சார்ஜ் ஆகாம தங்கிட்டாலும் நிறையும். வெறும் எண்ணைப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்.

இந்த கேம்ல மாறினது ரெண்டாவது எண். 2014 நவம்பரைப் பாருங்க, ஆள் வராம இல்லை. லட்சக்கணக்குல வந்தாங்க, வந்த வேகத்துல போனாங்க. தங்கலை. அப்ப கேக்க வேண்டிய கேள்வி, முன்னாடி அவங்களைத் தங்க வச்சது எது?

இதுக்கு கேமோட உள் அமைப்பு கொஞ்சம் தெரியணும். டஞ்சன்னு சொல்ற குகைச் சண்டைக்கு அஞ்சு பேர் வேணும். அடி வாங்கிக்க ஒரு டேங்க், காயம் ஆத்த ஒரு ஹீலர், அடிக்க மூணு பேர். ஆரம்ப காலத்துல இந்த அஞ்சு பேரைச் சேர்க்கிறதே பெரும்பாடு. நகரத்து நடுவுல நின்னு "ஹீலர் ஒருத்தர் வேணும்"னு அரை மணி, ஒரு மணி நேரம் கூவணும். கிடைச்ச பிறகு அஞ்சு பேரும் குகை வாசல் வரைக்கும் நடந்தோ பறந்தோ போகணும். எரிச்சலான வேலை. ஆனா எல்லாரும் ஒரே சர்வர்ல, அதாவது சில ஆயிரம் பேர் இருக்கிற ஒரே ஊர்ல இருக்கிறவங்க. நல்லா ஆடின ஹீலரோட பேரை எழுதி வச்சுக்குவாங்க. பொருளைத் திருடிட்டு ஓடினவன் பேர் ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும், அடுத்த தடவை அவனை யாரும் சேர்த்துக்க மாட்டாங்க.

2009 டிசம்பர்ல இதுக்கு ஒரு மருந்து வந்தது. டஞ்சன் ஃபைண்டர். ஒரு பட்டனை அழுத்தினா பல சர்வர்கள்ல இருந்து அஞ்சு பேரைத் தேடிக் கோத்து, நேரா குகைக்குள்ள கொண்டுபோய் இறக்கிடும். அப்போ பெரும்பாலானவங்க கொண்டாடினாங்க. நியாயம்தான். நாள் முழுக்க டியூட்டி பார்த்துட்டு ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் கையில இருக்கிறவன், அதுல முக்கால் மணி நேரத்தைக் கூவிக்கிட்டே கழிக்க முடியுமா? நானா இருந்தாலும் பட்டனைத்தான் அழுத்தியிருப்பேன்.

பக்கவிளைவு மெதுவாத்தான் தெரிஞ்சது. கூட ஆடுற நாலு பேர் வேற வேற சர்வர்காரங்க, திரும்பப் பார்க்கவே போறதில்லை. ஹலோ சொல்லத் தேவையில்லை. தப்பு பண்ணினா திட்டிட்டு வெளிய போயிடலாம், அடுத்த ஆளை மெஷின் அனுப்பும். அப்புறம் 2012-ல ஆள் கம்மியான இடங்களை நிரப்ப, பல சர்வர்க்காரங்களை ஒரே காட்டுல நடமாட விட்டாங்க. 2013-ல சின்ன சர்வர்களை ஒண்ணோட ஒண்ணா இணைச்சாங்க. ஆள் நடமாட்டம் கூடுச்சு, தெரிஞ்ச முகம் கூடலை.

நம்ம ஊர் டவுன் பஸ் கதை எல்லாருக்கும் தெரியும். கூட்டம் இல்லைன்னு மத்தியான டிரிப்பை நிறுத்துவாங்க. மத்தியானம் திரும்பி வர வழியில்லைன்னு ஆஸ்பத்திரிக்குப் போற பாட்டி காலை டிரிப்லயும் ஏற மாட்டாங்க. அடுத்த வருஷம் காலை டிரிப்புக்கும் கூட்டம் இருக்காது. பஸ் நின்னதால கூட்டம் போச்சா, கூட்டம் போனதால பஸ் நின்னுச்சான்னு டீக்கடையில கடைசி வரைக்கும் பேசலாம், ரெண்டும் சரியாத்தான் இருக்கும். பலர் சேர்ந்து ஆடுற கேமும் இப்படித்தான். தனியா ஆடுற கேமை ஒரே ஒருத்தர் ஆடினாலும் அதோட தரம் குறையாது. இங்க பக்கத்துல நிக்கிற ஆள்தான் தரமே. அதனால அந்த ரெண்டு கட்சியும் ஒரே வட்டத்தோட ரெண்டு பக்கத்துல நின்னுகிட்டுத்தான் சண்டை போட்டாங்கன்னு எனக்குத் தோணுது.

பழைய ஆட்டக்காரர்கள் சொல்றதை அப்படியே நம்பிடவும் முடியாது. 1997-ல வந்த அல்டிமா ஆன்லைனை எடுத்துக்கோங்க. யாரை யார் வேணும்னாலும் வழிமறிச்சுக் கொல்லலாம், கொள்ளையடிக்கலாம். புதுசா வந்தவங்க பயந்து ஓடினாங்க. 2000-ல உலகத்தையே ரெண்டு நகலாக்கினாங்க. பழைய ஆபத்தோட ஃபெலுக்கா, கொலை செய்ய முடியாத டிராமெல். ஜனம் டிராமெலுக்குப் போயிடுச்சு, ஃபெலுக்கா காத்தாடிச்சு. 'டிராமெல்தான் கேமைக் கொன்னுச்சு'ன்னு இன்னிக்கும் சத்தியம் பண்றவங்க இருக்காங்க. ஆனா அந்த கேமோட சந்தாதாரர் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது பிரிச்சதுக்கு அப்புறம், 2003-ல, சுமார் 2.5 லட்சம். செத்தது அவங்களுக்குப் பிடிச்ச கேம். கேமே சாகலை.

இதுக்கு நேர் எதிர் கேஸ் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ். 2003-ல வந்தது. தையற்காரர், நடனக்காரர், மருத்துவர்னு முப்பதுக்கும் மேல தொழில்கள் இருந்த கேம். கூட்டம் போதலைன்னு 2005 நவம்பர்ல ராவோட ராவா கேமையே மாத்தி, தொழில்களை ஒன்பதாக் குறைச்சாங்க. அதுக்குச் சில நாள் முன்னாடிதான் ஒரு எக்ஸ்பான்ஷனைக் காசுக்கு வித்திருந்தாங்க, அந்தக் காசைத் திருப்பித் தர வேண்டியதாப் போச்சு. வராத நோயாளிக்காக மருந்தை மாத்தினாங்க, இருந்த நோயாளியும் எழுந்து போயிட்டார். 2011 டிசம்பர் 15-ல மூடிட்டாங்க.

வார்கிராஃப்ட்டுக்கு வருவோம். பழைய கேமைத் திருப்பிக் கொடுங்கன்னு ரசிகர்கள் கேட்டுகிட்டே இருந்தாங்க. 2013-ல கம்பெனியோட ரசிகர் மாநாட்டுல ஒருத்தர் இதைக் கேட்டப்போ, வேணும்னு நீங்க நினைக்கிறீங்க, உண்மையில உங்களுக்கு அது வேணாம்ங்கிற மாதிரி மேடையில இருந்து பதில் வந்தது. நோயாளிகிட்ட நாங்க பேசற தோரணைதான், கேட்டுப் பழகினவங்களுக்குத் தெரியும். ரசிகர்களே நாஸ்டால்ரியஸ்னு அனுமதியில்லாத ஒரு பழைய சர்வர் நடத்தினாங்க. சுமார் 1.5 லட்சம் பேர் அதுல ஆடிக்கிட்டு இருந்தாங்க. 2016 ஏப்ரல்ல வக்கீல் நோட்டீஸ் வந்து மூடினாங்க. எழுந்த எதிர்ப்பைப் பார்த்துக் கம்பெனி இறங்கி வந்து, 2019 ஆகஸ்ட்ல 'கிளாசிக்'னு பழைய கேமை அதிகாரபூர்வமா வெளியிட்டுச்சு. சர்வருக்குள்ள நுழையவே ஆயிரக்கணக்கானவங்க வரிசையில நின்னாங்க.

எனக்கு இந்த மொத்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். இது கிட்டத்தட்ட ஒரு கிளினிக்கல் டிரையல். அதே மருந்து, பதினஞ்சு வருஷம் கழிச்சு, நிறையப் பேர் அதே நோயாளிகள். ஒரிஜினல் கேம்ல ராக்னரோஸ்ங்கிற பெரிய வில்லனை முதல் தடவையா வீழ்த்த அஞ்சு மாசம் ஆச்சு. கிளாசிக்ல ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுட்டாங்க. எல்லாம் முன்னாடியே தெரியும். எந்த ஆயுதம் நல்லது, எந்த வழி சீக்கிரம், எல்லாத்துக்கும் பட்டியல் தயார். சண்டைக்கு மார்க் போடும் முறை வந்ததும் ரெண்டு அணியில பலவீனமான அணிக்காரங்க சர்வரை விட்டு ஓட ஆரம்பிச்சாங்க. சில சர்வர்ல எதிரியே இல்லாமப் போச்சு. கம்பெனி எதையும் கெடுக்கலை. அதே காடு, அதே குகை. 2004-ல இருபது வயசுல ஹாஸ்டல்ல உக்காந்து ஆடினவருக்கு இப்ப முப்பத்தஞ்சு வயசு, குழந்தை எந்திரிச்சிடுமோன்னு கதவைப் பார்த்துகிட்டே ஆடறார்.

ஆனா திரும்பவும் ஹீலருக்காகக் கூவ வேண்டியிருந்தது. அதுக்காகவே வந்தோம்னு சொன்னவங்களும் நிறைய.

சரி, ஒரு கேம்ல கூட்டம் குறைஞ்சதுக்கு ஒரு டாக்டர் ஏன் இவ்வளவு பேசறான்னு கேக்கலாம். மாட்ஸ் ஸ்டீன்னு நார்வேக்காரர் ஒருத்தர். டுஷேன் தசைச் சிதைவு நோய். தசையைத் தாங்குற டிஸ்ட்ரோஃபின்ங்கிற புரதம் உருவாகாது, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும். சின்ன வயசுலயே நடை போகும், அப்புறம் கை, கடைசியில மூச்சும் இதயமும். மாட்ஸ் வீல்சேர்ல உக்காந்து இந்த கேமை வருஷக்கணக்கா ஆடினார். அங்க அவர் பேர் இபெலின். ஸ்டார்லைட்ங்கிற கில்டுல உறுப்பினர். கில்டுன்னா ஒண்ணா ஆடுறவங்க சேர்ந்து வச்சிருக்கிற சங்கம் மாதிரி. பிள்ளை நட்பு, காதல் எதையும் பார்க்காமலே போகப் போறானேன்னு அப்பா அம்மா வருந்திக்கிட்டு இருந்தாங்க. 25 வயசுல இறந்தார். அவர் எழுதிவந்த வலைப்பூவுல அப்பா இறப்புச் செய்தியைப் போட்டார். யாரும் படிப்பாங்கன்னே எதிர்பார்க்கலை. ஒண்ணு மாத்தி ஒண்ணா பல நாட்டுல இருந்து மெயில் வந்து குவிஞ்சுது. மனசு ஒடிஞ்சிருந்தப்போ இபெலின் பேசினது, வீட்டுச் சண்டையில வழி சொன்னது, இப்படி ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதை. 2024-ல ஆவணப்படமா நெட்ஃபிளிக்ஸ்ல வந்தது, கைக்குட்டையோட பாருங்க.

ஸ்டார்லைட் டஞ்சன் ஃபைண்டர் கோத்துக் கொடுத்த கூட்டம் இல்லை. ஒரே சர்வர்ல தினமும் பார்த்துப் பழகினவங்க.

மாட்ஸ் இறந்தது 2014 நவம்பர். மேல சொன்ன கணக்குல கோடு திடீர்னு 1 கோடியைத் தாண்டுதே, அதே மாசம். அந்தக் காலாண்டு அறிக்கையில மொத்தம் எத்தனை சந்தாதாரர்கள்னு இருக்கு. இறுதிச் சடங்குக்கு நெதர்லாந்து, டென்மார்க் மாதிரி நாடுகள்ல இருந்து கில்டு நண்பர்கள் சிலர் விமானம் ஏறி நார்வே போனாங்க. அதுவரைக்கும் அவங்க மாட்ஸை நேர்ல பார்த்ததில்லை.